கழுதை வயிற்றில் நாற்காலிகள்

குஷன்காரர் தைத்த மெத்தையில் ஒருமுறை உட்கார்ந்தவர் லேசில் எழுந்திருக்க மாட்டார். ஒரு கணக்காளர் அப்படித்தான் உட்கார்ந்தார். வீட்டை விற்றபோது சோபாவையும் சேர்த்து விற்றார்கள். வாங்கியவர்கள் குடிவந்து பார்த்தால் கணக்காளர் அதிலேயே இருந்தார். அவர்களும் நல்ல மனுஷர்கள், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்தான் கணக்குச் சொல்லித் தருகிறார். சந்தேகம் இருப்பவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். உட்காரச் சொன்னால் மட்டும் உட்காராதீர்கள்.

இப்பேர்ப்பட்ட குஷன்காரருக்குக் கண்ணால் பார்க்கச் சகிக்காதவை இரண்டு. ஒன்று, கோணல் தையல். இன்னொன்று, காலி உறை. உறை என்று எதுவாவது காலியாகக் கிடந்தால் அவர் கை அவரைக் கேட்காமலே பஞ்சை எடுத்துவிடும். மனைவி தலையணை உறைகளைத் துவைத்துக் கொடியில் போட்டால், காயும்வரை பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டும். மாமனார் ஒருமுறை வந்து வாசலில் கழற்றிவைத்த காலுறையில் ஒன்று, அவர் டீ குடித்துவிட்டு எழுந்திருப்பதற்குள் ஊசி குத்தி வைக்கிற மெத்தையாகிவிட்டது. அன்றிலிருந்து மாமனார் வெறுங்காலோடுதான் மகள் வீட்டுக்கு வருகிறார்.

அவருடைய மூத்த மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து, ஸ்பாஞ்ச் அடுக்கின்மேல் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தாள். குஷன்காரர் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ரெக்சின் அடித்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய ஆணி. ஒவ்வொன்றாக உதட்டுக்குக் கொண்டுவந்து எடுத்து அடிப்பது அவர் தொழில் வழக்கம். அதனால் வேலை நேரத்தில் அவரிடம் யார் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்.

"அப்பா, டீச்சர் எங்க எல்லாரையும் பொம்மை செய்யச் சொல்லியிருக்காங்க."

"ம்."

"வீட்டுல கிடக்கிற பழசை வச்சே செய்யணும். அதை வச்சு ஆளுக்கு ஒரு கதை சொல்லணும். சும்மா பொம்மை இல்லப்பா, கைய உள்ள விட்டு..."

டம், டம், டம் என்று சுத்தியல் விழுந்தது. மீதி வாக்கியம் ரெக்சினுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

"...புரிஞ்சுதா?"

"ம்."

"அம்மா அப்பா எல்லாரும் வந்து பாக்கணும். ஆனா பொம்மைல நீங்க கை வைக்கவே கூடாது."

"ம்."

"இந்த ம் செல்லாது. ஆணியத் துப்பிட்டுச் சொல்லுங்க."

குஷன்காரர் ஆணிகளைக் கையில் துப்பினார். "நான் ஏம்மா கை வைக்கப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

"தாத்தாவோட சாக்ஸும் அப்படித்தான் நம்பிட்டு இருந்துச்சு" என்றாள் வாண்டு.

ஒரு வாரம் வீட்டில் ரகசிய வேலை நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று யாருடனோ பேசினாள். ஒட்டுக் கேட்கப் போன தாயிடம், "ஒத்திகை நடக்குது, அப்புறம் வாங்க" என்று உள்ளிருந்தே பதில் வந்தது. கடைக்குட்டிக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. கையில் கிடைத்ததை எல்லாம் கடித்தான். மேசைக்கு நான்கு கால் என்பதே அவனால் கொஞ்சம் சந்தேகமாகிவிட்டது. ஆகவே கதை சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் வாண்டு ஒரு துணிப்பையோடு கடைக்கு வந்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும். தம்பிப் பயல் பாத்தான்னா தின்னுடுவான். நாளைக்கு வரும்போது கொண்டு வந்து என் கையில கொடுங்க. பையைத் திறக்கக் கூடாது."

"திறக்கல."

"தொடக் கூடாது."

"தொடாம எப்படிம்மா கொண்டு வர்றது?"

"பையைத் தொடலாம். உள்ள இருக்கிறதைத் தொடக் கூடாது."

வக்கீல்கூட இவ்வளவு கறாராகப் பேச மாட்டார் என்று குஷன்காரருக்குப் பெருமையாக இருந்தது. பையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் கடையைத் திறந்தபோதும் அவர் மனத்தில் ஒரு தப்பான எண்ணமும் கிடையாது. ஆனால் பையின் வாயிலிருந்து ஒரு காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளிவிடலாம் என்றுதான் தொட்டார். காதோடு தலை வந்தது. தலையோடு கழுதை வந்தது.

சாம்பல் நிறக் காலுறை. ஒரு வாரமாக அவர் தேடிக்கொண்டிருந்த காலுறை. ஒரு காது சுண்டுவிரல் அளவு, இன்னொன்று முழங்கை வரை நீளம். ஒரு கண் கோட்டுப் பொத்தான், மற்றது சட்டைப் பொத்தான். தையல் இருக்கிறதே, மழைக்கு ஒதுங்க இடம் தேடி ஓடிய எறும்பு வரிசை மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், கழுதையின் அடிப்பக்கம் மூடாமல் ஓட்டையாக இருந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். காலி.

'பாவம் பிள்ளை' என்று நினைத்தார். 'பஞ்சு வைக்க மறந்துட்டா. அடியை மூடவும் மறந்துட்டா. நாலு பேர் பார்க்கிற இடத்துல குஷன்காரர் பொண்ணு காலி உறையைத் தூக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?'

அதற்கப்புறம் நடந்ததற்கு அவர் பொறுப்பல்ல, அவர் கைகள்தான் பொறுப்பு. தையலைப் பிரித்தன. நீளக் காதை நறுக்கிக் குட்டைக் காதுக்குச் சமம் செய்தன. ஒரே ஜோடியில் இரண்டு பொத்தான் எடுத்துக் கண் வைத்தன. வெறும் பஞ்சு வைத்தால் கழுதை தொய்ந்துபோகும் என்று, பழைய நாற்காலிகளிலிருந்து வெட்டித் தள்ளிய துண்டுகள் கிடக்கிற கூடையிலிருந்து அள்ளி அள்ளி அடைத்தன. கடைசியில் அடி ஓட்டையையும் சேர்த்துக் கழுத்திலிருந்து வால்வரை அவர் கடைக்கே உரிய சங்கிலித் தையல் போட்டு மூடின. அந்தத் தையலுக்கு ஒரு குணம் உண்டு. முன்பக்கத்திலிருந்து யானை இழுத்தாலும் விடாது. வால்பக்க முடிச்சை வெட்டி நூலைச் சுண்டினால் மூட்டை வாய் பிரிகிற மாதிரி சர்ரென்று மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். நாளைக்கே மெத்தையைப் பிரித்துப் பஞ்சு மாற்ற வேண்டுமென்றால் சௌகரியம்.

கழுதை விறைத்து நின்றது. முகத்தில் அதுவரை இல்லாத ஓர் உத்தியோகக் களை வந்திருந்தது. ஓய்வூதியம் வாங்குகிற கழுதை என்று சொன்னால் நம்பலாம்.

வகுப்பு வாசலில் வாண்டு காத்துக்கொண்டிருந்தாள். பையை வாங்கியதும் புருவம் ஏறியது.

"ஏம்ப்பா இவ்வளவு கனமா இருக்கு?"

"உள்ள கதை இருக்குல்ல."

மேலே கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.

பெற்றோர்களுக்குப் பின்வரிசையில் பிள்ளைகளின் நாற்காலிகளையே போட்டிருந்தார்கள். குஷன்காரர் அதில் இறங்கி உட்கார்ந்ததும் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு பக்கம் வக்கீல், இன்னொரு பக்கம் பேக்கரிக்காரம்மா. 'மெத்தையில்லாத நாற்காலி, இதில் உட்கார்ந்து எப்படிப் படிப்பு ஏறும்?' என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் பேச ஆரம்பித்தார்.

"பசங்களா, நம்ம வகுப்புல ஒரே ஒரு சட்டம். அவங்கவங்க கையால செஞ்ச பொம்மை கதை சொல்லும். பெரியவங்க செஞ்ச பொம்மை அதோ அந்த அலமாரி மேல உக்காந்து கதை கேக்கும். அதுக்குச் சொந்தக்காரங்க புதுசா ஒண்ணு செஞ்சிட்டு, இன்னொரு நாள் கதை சொல்லலாம். கோச்சுக்கக் கூடாது."

குஷன்காரர் அந்த அலமாரியின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்தார்.

முதலில் வக்கீலின் மகன். அவன் கையிலிருந்த ராஜாவுக்குச் சரிகை அங்கி, வெல்வெட் மகுடம், விரலில் மோதிரம்கூட இருந்தது.

"இது யார் செஞ்சது கண்ணு?"

"நான்தான் டீச்சர். அப்பா தையல்காரர்கிட்ட சொல்லும்போது நானும் கூடவே நின்னேன்."

ராஜா அலமாரி ஏறினார். வக்கீல் சற்று நேரம் தன் காலணியை ஆராய்ந்தார்.

அடுத்து பேக்கரிக்காரம்மாவின் மகள். ரொட்டி சுற்றுகிற காகித உறையில் மூக்கு ஒட்டிய ஒரு கோழி. அவள் அந்தக் கோழியை எடுத்தாள். அதன் அடிப்பக்கத்தில் கையை விட்டாள். கோழி வாயைத் திறந்து, "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டது.

குஷன்காரர் சௌக்கியமாக இல்லை. கை உள்ளே போகிறது! கை உள்ளே போனால்தான் பொம்மை பேசுகிறது! அந்த ஓட்டை மறந்துபோன ஓட்டை இல்லை, அதுதான் வாசல்! அவர் வாசலில் சுவர் எழுப்பி வீட்டுக்குள் மண்ணையும் நிரப்பிவிட்டு வந்திருக்கிறார்.

கோழி முட்டையைத் தொலைத்த கதை முழுக்க அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து ஓடிப் பையைப் பிடுங்கிவிடலாமா என்று எழுந்தார். நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது.

"உக்காருங்க சார்," என்றார் டீச்சர். "அடுத்தது உங்க பொண்ணுதான்."

உட்கார்ந்தார். நாற்காலியும் உட்கார்ந்தது.

வாண்டு முன்னால் வந்து பையிலிருந்து கழுதையை எடுத்தாள். ஒரு வாரமாகக் குளியலறைக் கண்ணாடியோடு பேசிப் பழகிய முகம் அப்படியே நின்றுபோனது. கழுதையைக் கவிழ்த்தாள். வாசலைத் தேடினாள். நிமிர்த்தினாள். நீளக் காது இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிப் பின்வரிசையைப் பார்த்தாள்.

குஷன்காரர் அழுகையை எதிர்பார்த்தார். அழுதிருந்தால் தேவலை. அது துணியை வெட்டுவதற்கு முன்னால் அளவு பார்க்கிற கண். அந்தக் கண் யாருடையது என்று அவருக்குத் தெரியும். தினமும் காலையில் முகம் மழிக்கும்போது பார்க்கிறாரே.

டீச்சர் பக்கத்தில் வந்து கழுதையைத் திருப்பிப் பார்த்தார். அந்தத் தையல் மூன்றாம் வகுப்புத் தையல் இல்லை என்று கண் தெரியாதவர்கூடத் தடவிச் சொல்லிவிடுவார். டீச்சரின் பார்வை மெதுவாக அலமாரிப் பக்கம் போனது.

"டீச்சர்!" குஷன்காரர் நாற்காலியோடு எழுந்துவிட்டார். "தப்பு என்னுதுங்க. பாப்பா நல்லாத்தான்..."

"அப்பா, உஷ்!" என்றாள் வாண்டு. "நோயாளி பக்கத்துல சத்தம் போடக் கூடாது."

வகுப்பு மொத்தமும் கழுதையைப் பார்த்தது.

"டீச்சர், கத்தரிக்கோல் கொடுங்க. கழுதைக்கு வயிறு உப்பிப்போச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

டீச்சர் ஒரு கணம் யோசித்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். நல்ல டீச்சர் என்றால் அதுதான்.

வாண்டு கழுதையை மேசைமேல் மல்லாத்திப் போட்டாள். கழுத்துப் பக்கம் போகவேயில்லை. நேரே வாலுக்குப் போனாள். நறுக். முடிச்சு போனது. நூல் முனையை இரண்டு விரலால் பிடித்தாள். சர்ர்ர்ரென்று வாலிலிருந்து கழுத்துவரை ஒரே இழுப்பு. கழுதை வாழைப்பழம் மாதிரி திறந்துகொண்டது. பிள்ளைகள் "ஹா!" என்றார்கள். பேக்கரிக்காரம்மா கண்ணைப் பொத்திக்கொண்டார். குஷன்காரர் மட்டும், தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து, 'என்னா சுத்தமான இழுப்பு!' என்று நினைத்தார்.

"இந்தக் கழுதைக்கு உக்காரணும்னு ரொம்ப நாள் ஆசை" என்று வாண்டு ஆரம்பித்தாள். "ஆனா யாருமே அதை 'வா, உக்காரு'ன்னு சொல்லல. முடி வெட்டுற கடைக்குப் போச்சு. எல்லாரையும் உக்காரச் சொன்னாங்க, இதை மட்டும் சொல்லல. கோவம் வந்துச்சு. நாற்காலியையே தின்னுடுச்சு."

வயிற்றுக்குள் கையை விட்டுச் சிவப்பு ரெக்சின் துண்டு ஒன்றை உருவினாள்.

"ஐயோ, அது அந்த நாற்காலிதான்!" என்று ஒரு பையன் குதித்தான். "நான் அதுல உக்காந்திருக்கேன்!"

"உள்ள போயும் அந்த நாற்காலி சும்மா இல்ல. 'தலையக் குனி, தலையக் குனி'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. கழுதை பாவம், குனிஞ்சுக்கிட்டே போய்க் கண் டாக்டர் வீட்டுச் சுவர்ல முட்டிக்கிச்சு. அங்கயும் உக்காரச் சொல்லல. பெஞ்சைத் தின்னுடுச்சு."

பச்சைத் துண்டு வந்தது. வக்கீல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். அந்தப் பச்சையில் அவர் பலமுறை காத்திருந்தவர்.

"அந்தப் பெஞ்சு 'கடைசி வரி தெரியுதா, கடைசி வரி தெரியுதா'ன்னு கேட்டுச்சு. எல்லாமே உள்ள இருந்து ரொம்ப மெதுவாத்தான் பேசுச்சு. கேக்கணும் கேக்கணும்னே, கழுதைக்கு ஒரு காது மட்டும் நீளமா வளந்துடுச்சு."

சிவப்புத் துண்டைக் காதுத் தையலில் செருகி இழுத்துவிட்டாள். கழுதைக்குப் பழையபடி ஒரு காது முழங்கை நீளம் ஆனது.

குஷன்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார். முடிவெட்டுகிறவர், கண் டாக்டர் என்று எந்த நாற்காலியைப் பிரித்தாலும், உள்ளே என்ன இருந்தது, அதில் உட்காருகிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் நடித்துக் காட்டுவது அவர் வழக்கம். வாண்டு அப்போதெல்லாம் வீட்டுப்பாடத்தில் தலையைக் கவிழ்த்திருப்பாள். கவிழ்ந்தது தலை மட்டும்தான் போலிருக்கிறது.

இதற்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு வாசலில் தலைமையாசிரியை வந்து நின்றார். அதே நேரம் வாண்டுவின் கையில் பழுப்பு வெல்வெட் துண்டு வந்தது. குஷன்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அது யாருடைய நாற்காலி என்பது அவருக்குத் தெரியும். பிரித்தபோது உள்ளே கிடைத்தது என்ன என்பதும் தெரியும். அதை அவர் வீட்டில் எப்படி நடித்துக் காட்டினார் என்பதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம்.

"இது ஒரு பெரிய அதிகாரியோட நாற்காலி" என்றாள் வாண்டு. "இதுக்குள்ள ஒரே பிஸ்கட் தூள்."

டீச்சர் சன்னல் வழியாகத் தெருவை மிகவும் அக்கறையோடு பார்த்தார்.

தலைமையாசிரியை இரண்டு அடி உள்ளே வந்தார். "அந்தக் கழுதைகிட்டயே கேளு," என்றார் கறாராக. "பிஸ்கட் தின்னது இப்ப இருக்கிற அதிகாரியா, முன்னாடி இருந்தவரா?"

வாண்டு மிச்சம் இருந்ததையும் வழித்துப் போட்டாள். காலியான கழுதையைக் கையில் மாட்டினாள். அவ்வளவுதான், கழுதைக்கு உயிர் வந்துவிட்டது. அது தலையைச் சாய்த்தது. நீளக் காதைத் தன் வயிற்றுப் பக்கம் வைத்துக் கேட்டது. யோசித்தது. பிறகு வாயைத் திறந்தது.

"அதை மட்டும் சொல்ல மாட்டேங்குது மேடம். ரொம்ப விசுவாசமான நாற்காலி."

தலைமையாசிரியை சிரித்த சிரிப்பில் அலமாரி மேலிருந்த ராஜாவின் மகுடம் கழன்று விழுந்தது. சில பேர் அது காற்று என்கிறார்கள். அன்றைக்குக் காற்று இல்லை.

"கடைசியா அது ஒரு குஷன் கடைக்கு வந்துச்சு," என்றாள் வாண்டு. குரல் இப்போது கழுதையின் குரலாகவே இருந்தது. "அந்தக் கடைக்காரர்தான் முதல் தடவையா 'வா, உக்காரு'ன்னாரு. உக்காந்துச்சு. அவ்வளவு சொகம். தின்ன நாற்காலி எல்லாத்தையும் அங்கேயே துப்பிடுச்சு. ஆனா அந்தக் கடைக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம்." கழுதை மெதுவாகத் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தது. "காலியா எதைப் பாத்தாலும் அடைச்சிடுவாரு. அதனால கழுதை வாயை இறுக்க மூடிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடுச்சு. கதை முடிஞ்சுது."

கைதட்டல் அடங்கியதும் டீச்சர் கழுதையைக் கையில் வாங்கினார். வயிறு திறந்து கிடந்தது. "கதை சரி. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே. உண்மையச் சொல்லு, இதைத் தைச்சது யாரு?"

"நான் தைச்சதை எல்லாம் அப்பா பிரிச்சுட்டாரு. அப்பா தைச்சதை எல்லாம் நான் பிரிச்சுட்டேன்," என்றாள் வாண்டு. "இப்ப இதை யாருமே தைக்கல, டீச்சர்."

டீச்சர் இதற்கு என்ன தீர்ப்புச் சொல்வது என்று வக்கீலைப் பார்த்தார். வக்கீல் எழுந்து நின்றே, "வாதம் பலமா இருக்கு" என்றார்.

"அப்ப கழுதை கீழேயே இருக்கலாம்" என்றார் டீச்சர். "பெரியவங்கதான் அலமாரிக்குப் போகணும். சார், கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

குஷன்காரர் நாற்காலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் அலமாரிக்குப் பக்கத்தில், ராஜாவுக்கு நேர் கீழே நின்றார். மீதிப் பிள்ளைகளின் கதைகள் முடியும்வரை நின்றார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. அந்த ஊரில் அன்றைக்கு அவ்வளவு நிமிர்ந்து நின்றவர் வேறு யாரும் கிடையாது. தண்ணீர்த் தொட்டியைத் தாங்குகிற தூண்கூட அவரைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது.

வெளியே வரும்போது வக்கீல் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரமாதம் சார் உங்க பொண்ணு. எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

"இல்லைங்க," என்றார் குஷன்காரர். "நான் கெடுத்துக் கொடுத்தது."

அன்று சாயங்காலம் ஸ்பாஞ்ச் அடுக்கின்மேல் உட்கார்ந்து வாண்டு கழுதையைத் தைத்தாள். குஷன்காரர் எதிரே இருந்தார். வாய் நிறைய ஆணியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். ஊசி ஒவ்வொரு முறை தப்பான இடத்தில் இறங்கும்போதும் அவர் தோள் துடித்தது. நூல் வேண்டும் என்றாள்; காலால் தள்ளிவிட்டார்.

"அப்பா."

"ம்."

"கோவமா?"

ஆணிகளைத் துப்பினார். "நான்ல உன்கிட்ட கேக்கணும் அதை?"

வாண்டு பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்தாள். "கோவம்தான். ஆனா வால்ல முடிச்சு இருக்கும்னு எனக்குத் தெரியும்ல."

கழுதை இப்போது கடையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு, ஒரு காது சிவப்பு. வருகிற வாடிக்கையாளர்களில் யாராவது ஒருவர் எப்படியும் கேட்டுவிடுவார்: "என்னங்க, உங்க கடையிலேயே தையல் இவ்வளவு கோணலா இருக்கு?"

குஷன்காரர் வேலையை நிறுத்துவார். ஆணிகளைத் துப்புவார். "அந்தத் தையல் எனக்கு வராதுங்க" என்பார். பிறகு கேட்டவரை உட்கார வைத்துக் கதையைச் சொல்வார். முதல் மாதம் கழுதை மூன்று நாற்காலி தின்றது. அப்புறம் ஒரு பேருந்தின் பின்வரிசை முழுவதையும் தின்றது. சமீபத்தில் கேட்டவர்கள், நீதிமன்றத்து நாற்காலியை நீதிபதியோடு சேர்த்து விழுங்கியதாகவும், அவர் உள்ளிருந்தபடியே இரண்டு வழக்குக்குத் தீர்ப்புச் சொன்னதாகவும் சொல்கிறார்கள்.

அது எப்படியோ போகட்டும். பஞ்சு மூட்டை கழுதைக்கு நேர் கீழேதான் இருக்கிறது. கையை நீட்டினால் எட்டும். ஆனாலும் கழுதை இன்றுவரை காலியாகத்தான் தொங்குகிறது.